உயர்வலு லேசர்: வெப்பத்தோடு ஒரு நெடும் போராட்டம்

பெரியகல்லாற்றில் லேசர் என்ற சொல்லை அறியாதவர் இன்று குறைவு. கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மூத்தவர்களுக்குச் சில காலம் கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், "லேசர் அடிக்க வேணுமாம்" என்பார்கள். கல்முனை வீதியோரத்துக் கேற்றுகளில் பூவும் கொடியுமாக வெட்டப்பட்ட தகடுகளுக்கும் லேசர் வெட்டு என்றே பெயர். இரண்டும் உயர்வலு லேசரின் பிள்ளைகள். கண்ணுக்குள் போவது சில மில்லியூல் சக்தி மட்டுமே. ஆனால் அது ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் பங்கில் சில பங்கு நேரத்துக்குள் வெளிவந்துவிடுவதால், அந்தக் கணத்தில் அதன் வலு மெகாவாற்றை நெருங்குகிறது. தகட்டை அறுப்பதோ நாள் முழுவதும் நிற்காமல் வரும் சில ஆயிரம் வாற்றுக் கற்றை. சக்தி வேறு, வலு வேறு என்று உயர்தர வகுப்பில் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த இரண்டு வகை வலுவும் எப்படி மனிதர் கைக்கு வந்தன, வழியில் நின்ற தடைகள் எவை என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விடயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசர் ஒளி பிறக்கும் கொள்கை 1917இலேயே ஐன்ஸ்டைனின் எழுத்தில் இருந்தது. 1960க்குப் பிறகு அதை வலுவுள்ளதாக்கப் பாடுபட்டவர்களின் காலத்தையும் மூளையையும் பெரும்பாலும் விழுங்கியவை வேறு இரண்டு. ஒளியாக மாறாமல் மிஞ்சிய வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்று. தன்னூடே போகும் ஒளியாலேயே உடைந்துபோகும் கண்ணாடியையும் பளிங்கையும் காப்பது மற்றது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு ஆயுதக் கதையாகவோ, ஒரு சில மேதைகளின் கதையாகவோ எழுதப்படும் லேசர் வரலாறு பாதி வரலாறுதான்.

மாணிக்கமும் மின்னல் விளக்கும்

உயர்ந்த சக்தி மட்டத்தில் நிற்கும் அணு ஒன்றை அதற்கேற்ற சக்தியுள்ள போட்டன் ஒன்று கடந்து போனால், அணு கீழே இறங்கி அதேபோன்ற இன்னொரு போட்டனை வெளிவிடும். இதுவே தூண்டிய காலல். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காக வேண்டுமானால், கீழ்மட்டத்தில் நிற்கும் அணுக்களைவிட மேல்மட்டத்தில் நிற்பவை கூடுதலாக இருக்க வேண்டும். இயற்கை இதை விரும்புவதில்லை. அணுக்களை மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றுவதற்குச் செலவாகும் சக்தியில் பெரும் பங்கு வெப்பமாகிப் பொருளுக்குள்ளேயே தங்கிவிடும். பின்னால் வந்த இடர்கள் பலவற்றின் வேர் இதுதான்.

நுண்ணலையில் இதைச் செய்துகாட்டிய சார்ள்ஸ் டவுன்ஸ், ஆதர் ஷோலோவோடு சேர்ந்து, ஒளியிலும் செய்யலாம் என்று 1958இல் கட்டுரை எழுதினார். அதற்கு முன்பே, 1957 நவம்பரில், கோர்டன் கூல்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் குறிப்பேட்டில் லேசர் என்ற பெயரையும் அமைப்பையும் எழுதி வைத்திருந்தார். அவர் சேர்ந்த நிறுவனம் 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் 3 இலட்சம் டொலர் கேட்டது. கிடைத்ததோ 9 இலட்சத்து 99 ஆயிரம். பணத்தோடு இரகசியமும் வந்தது. பழைய அரசியல் தொடர்புகளைக் காரணம் காட்டிக் கூல்டுக்கு அனுமதி மறுக்கப்பட, தன் சொந்த எண்ணத்தில் பிறந்த திட்டத்தில் அவராலேயே முழுதாக வேலை செய்ய முடியாமல் போயிற்று. அறிவியலை இரகசியப் பெட்டிக்குள் வைத்தால் முதலில் பூட்டப்படுவது அறிவியலாளர்தான் என்பதற்கு இது நல்ல சான்று.

வென்றவர் வேறொருவர். 1960 மே 16இல் கலிபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வுகூடத்தில், தியோடர் மெய்மன் விரல் நுனியளவான செயற்கை மாணிக்கக் கோலைச் சுருள் வடிவ மின்னல் விளக்கினுள் வைத்து முதல் லேசரை ஒளிர வைத்தார். இரத்தினபுரி மாணிக்கத்தைப் போலவே அதுவும் சிறிதளவு குரோமியம் கலந்த அலுமினியம் ஒட்சைட்டுத்தான். மாணிக்கம் உதவாது என்றே பலரும் நம்பியிருந்தனர். அது உறிஞ்சும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைத்தான் சிவப்பொளியாகத் திருப்பித் தருகிறது என்று அச்சில் வந்த ஓர் அளவீடு அதற்குக் காரணம். மெய்மன் தானே அளந்து பார்த்தார். நூற்றுக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து என்று வந்தது. பிறர் சொன்ன எண்ணை நம்பாமல் தன் கையால் அளந்ததே அவருடைய வெற்றி.

ஆனாலும் மாணிக்கத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அதன் லேசர் ஒளி நேரே தரைமட்டத்தில் வந்து முடிகிறது. குரோமியம் அயன்களில் பாதிக்கு மேல் மேலேறினால்தான் பெருக்கம் தொடங்கும். அவ்வளவு சக்தியைக் கொட்டினால் பளிங்கு சூடேறும். அடுத்த மின்னலுக்கு அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே, எப்போதும் வெறுமையாகக் கிடக்கும் ஒரு மட்டத்தில் ஒளி முடியும்படியான பொருள் கிடைத்தால் வேலை இலகுவாகும். நியோடிமியம் அப்படிப்பட்டது. எலியாஸ் ஸ்னிற்சர் 1961இல் அதைக் கண்ணாடியில் கலந்து லேசராக்கினார். 1964இல் பெல் ஆய்வுகூடத்தில் அதே நியோடிமியத்தை யாக் என்ற இத்திரியம் அலுமினியம் பளிங்கில் இட்டார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் கண்ணாடியைவிட யாக் பத்து மடங்கு மேல். கண் மருத்துவர் "யாக் லேசர்" என்று சொல்வது இந்தப் பளிங்கைத்தான்.

சேர்த்து வைத்து ஒரேயடியாக

மெய்மனின் மாணிக்கம் தன் ஒளியை ஒரே வீச்சில் தரவில்லை. மேலேறிய அயன்கள் போதிய அளவு சேர்ந்ததுமே லேசர் தொடங்கிவிடும். கொஞ்சம் வடியும், மறுபடி சேரும், மறுபடி வடியும். ஆயிரக்கணக்கான வாற்று வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள். ஒன்று பாலமீன்மடுப் பக்கம், மற்றது தெற்கே பெரியகல்லாற்றில். மாரியில் மணற்றிடல் வாயை அடைத்து நிற்க, படுவான்கரை வயல்கள் மூழ்குமளவுக்கு நீர் ஏறும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் பல நாள் சேர்ந்த நீர் ஒரே பாய்ச்சலில் கடலில் விழும். ஹியூஸ் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் ஹெல்வார்த் சொன்ன வழியும் இதுவே. இரண்டு ஆடிகளில் ஒன்றை மறைத்து வைத்தால் லேசர் தொடங்காது, மேல்மட்டத்தில் அயன்கள் சேர்ந்துகொண்டே போகும். உச்சத்தில் மறைப்பை எடுத்துவிட்டால் அவ்வளவும் ஒரே துடிப்பாக வெளியே வரும். மறைப்பு மின்னல் வேகத்தில் திறக்க வேண்டுமென்பதால், மின்னழுத்தம் கொடுத்ததும் ஒளியின் முனைவைத் திருப்பும் நைத்திரோபென்சீன் நிரம்பிய கெர் கலத்தை அவரும் சக ஆய்வாளர் மக்ளங்கும் பயன்படுத்தினர். 1962இல் முடிவு வெளியாயிற்று. வலு ஒரே தாவலில் மெகாவாற்றை நோக்கிப் போயிற்று.

தாவியதும் கணக்கு உதைத்தது. அதே ஹியூஸ் நிறுவனத்தில் உட்பரி, இங் ஆகிய இருவர் வெளிவந்த ஒளியை அளந்தபோது, 694 நனோமீற்றரில் வரவேண்டிய மாணிக்க ஒளியோடு 767 நனோமீற்றரில் யாரும் எதிர்பாராத இன்னோர் ஒளியும் வலுவாக வந்துகொண்டிருந்தது. மாணிக்கத்தில் அந்த நிறத்துக்குக் காரணமே இல்லை. தேடிப்போய்க் கண்டுபிடித்த இடம் கெர் கலம். நைத்திரோபென்சீன் மூலக்கூறுகள் லேசர் ஒளியில் ஒரு பகுதியை வாங்கி, தம் அதிர்வுக்கான சக்தியை எடுத்துக்கொண்டு, மீதியைக் குறைந்த சக்தியுள்ள ஒளியாகத் திருப்பி விட்டிருக்கின்றன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் கண்ட விளைவு இது. ராமன் கண்டது மிக மெலிந்த ஒளி. பல இலட்சம் போட்டன்களில் ஒன்றுக்குத்தான் அப்படி நேரும். இங்கோ லேசரின் வலுவால் அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, தாய்க் கற்றையின் சக்தியையே தின்னத் தொடங்கிவிட்டது. தூண்டிய ராமன் சிதறல் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பாடநூல்களில் ராமன் ஒரு நோபல் பரிசோடும் கடலின் நீலத்தோடும் முடிந்துவிடுகிறார். உயர்வலு லேசர் கட்டுகிற பொறியியலாளருக்கோ அவர் நாள்தோறும் எதிர்ப்படும் ஆள். இவ்வளவுக்கு மேல் வலு போகக்கூடாது என்று அங்கே கோடு கிழிப்பவற்றில் ஒன்று அவர் பெயர் கொண்ட சிதறல். இந்தச் செய்தி மீண்டும் பின்னால் வரும்.

கண்ணாடியின் துன்பம்

துடிப்பின் வலு ஏறியதும் கண்ணாடிக் கோல்கள் உடைய ஆரம்பித்தன. உடைந்த விதம்தான் விசித்திரம். மேற்பரப்பில் காயம் இல்லை; உள்ளே மயிரிழை போல நீண்ட வெடிப்புத் தடங்கள் ஓடின. 1964இல் மைக்கேல் ஹேர்ச்சர் இவற்றை விவரித்தார். அதே ஆண்டில் சியாவோ, கார்மயர், டவுன்ஸ் மூவரும் காரணத்தைக் கணித்தனர். ஒளி மிக வலுவாக இருக்கும் இடத்தில் கண்ணாடியின் முறிவுச்சுட்டி சற்றுக் கூடுகிறது. கற்றையின் நடு வலுவானது, ஓரம் மெலிந்தது. ஆகவே கண்ணாடி தானாகவே ஒரு குவிவு வில்லையாகிவிடுகிறது. கற்றை குவிகிறது, குவியக் குவிய இன்னும் வலுவாகிறது, வலுவாக வலுவாக இன்னும் குவிகிறது. முடிவில் சில மைக்கிரோமீற்றர் அகலமுள்ள இழையாகி, போகும் வழியெல்லாம் பொருளை உடைத்துக்கொண்டு போகிறது. இதைத் தன்குவிவு என்கிறோம்.

இதோடு வெப்பமும் சேர்ந்துகொண்டது. வட்டக் கோலின் வெளிப்புறம் நீரால் குளிர்கிறது, நடு சூடாக இருக்கிறது. அந்த வேறுபாடும் கோலை வில்லையாக்கும், கூடிப்போனால் பிளக்கும். மின்னல் விளக்கின் சக்தியில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான் லேசராகிறது என்பதை நினைத்தால், எஞ்சியது எங்கே போகும் என்று கேட்க வேண்டியதில்லை.

பொறியியலாளர்கள் கண்ட மருந்து வடிவ மாற்றம். கோலை விட்டுவிட்டு, கண்ணாடியைத் தட்டுகளாக வெட்டிச் சாய்வாக நிறுத்தினார்கள். தட்டின் இரு முகங்களும் குளிரலாம். ஒளி கடக்கும் கண்ணாடியின் தடிப்பும் குறையும். அணுக்கரு இணைவுக்காகக் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடம் கட்டிய பெரிய லேசர்கள் எல்லாம் இந்தத் தட்டுகளால் ஆனவை. தன்குவிவுக்கு அங்கே கிடைத்த விடையும் அழகானது. கற்றையை ஒரு வில்லையால் வெற்றிடக் குழாய்க்குள் குவித்து, ஊசித்துளை ஒன்றினூடே விட்டு, மறுபக்கம் மீண்டும் விரித்தார்கள். சீரான ஒளி துளையின் ஊடே போய்விடும். தன்குவிவின் விதையாகிய சிறு சிறு மேடு பள்ளங்கள் விலகிய கோணத்தில் வருவதால் துளையின் விளிம்பில் நின்றுவிடும். கற்றை பெருகும் ஒவ்வொரு கட்டத்திலும் இப்படிச் சலித்துச் சலித்து அனுப்பினார்கள்.

1977இல் அங்கே கட்டி முடிந்த லேசருக்குச் சிவா என்று பெயர். பல கைகளையுடைய தெய்வத்தை நினைத்து வைத்த பெயர். அதற்கு 20 கற்றைகள். பத்து கிலோயூல் சக்தி தந்தது. பொறியாக அது வெற்றி. நோக்கமோ நிறைவேறவில்லை. 1.06 மைக்கிரோமீற்றர் அகச்சிவப்பு ஒளி, இணைவுக்காக நெருக்க வேண்டிய எரிபொருள் உருண்டையைச் சுற்றிய பிளாஸ்மாவில் மிக வேகமான இலத்திரன்களை உண்டாக்கிற்று. அவை உள்ளே முந்திப் போய் எரிபொருளைச் சூடாக்கிவிட, அதை நெருக்குவது கடினமாயிற்று. அலைநீளத்தைக் குறைப்பதே வழி என்று தெரிந்தது. பொட்டாசியம் இருஐதரசன் பொசுபேற்றுப் பளிங்குத் தகடுகளினூடே அனுப்பி, ஒளியை 351 நனோமீற்றர் புறஊதாவாக மாற்றினார்கள். 1984இல் வந்த நோவா இப்படி இயங்கியது. அங்கும் கண்ணாடி மறுபடி சோதித்தது. உருக்கும் பிளாற்றினக் கலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத உலோகத் துணுக்குகள் கண்ணாடியில் கலந்திருந்தன. லேசர் பட்டதும் அவை ஒவ்வொன்றும் வெடித்துக் கண்ணாடியைக் கெடுத்தன. உருக்கும் முறையையே மாற்றிய பிறகுதான் பிளாற்றினம் இல்லாத கண்ணாடி கிடைத்தது.

2022 டிசம்பர் 5இல் இந்த வரிசையின் வாரிசான 192 கற்றை லேசர், இலக்கின் மீது 2.05 மெகாயூல் செலுத்தி 3.15 மெகாயூல் இணைவுச் சக்தியைப் பெற்றது. பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு துடிப்புக்காக மின்வலையிலிருந்து எடுத்தது ஏறக்குறைய 300 மெகாயூல். எஞ்சியதெல்லாம் வெப்பம். அடுத்த துடிப்புக்குக் கண்ணாடி ஆற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பாராமதியிலிருந்து வந்தவர்

கண்ணாடி இப்படித் தவித்துக்கொண்டிருந்தபோதே வாயுவில் வேறொரு கதை நடந்தது. சந்திரகுமார் நாரன்பாய் பட்டேல் 1938இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். புனே பொறியியற் கல்லூரியில் படித்து, இருபது வயதில் ஸ்டான்போர்ட் போய், 1961இல் முனைவர் பட்டத்தோடு பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே ஈலியம் நியோன் லேசர் ஏற்கனவே பிறந்திருந்தது. அதன் வலு சில மில்லிவாற்று. வாயு லேசர் என்றால் அவ்வளவுதான் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. மூலக்கூறுகளுக்கு மட்டங்கள் மிகப் பல, சக்தி சிதறிப்போகும் என்று பலர் அவற்றைத் தொடவில்லை.

பட்டேல் அந்தக் குறையையே நிறையாகக் கண்டார். மூலக்கூறின் அதிர்வு மட்டங்கள் தரைக்கு மிக அருகே இருப்பவை. அணுக்களில் போல மிக உயரத்துக்கு ஏற்றிச் சிறு படியளவு மட்டும் ஒளியாக எடுக்கத் தேவையில்லை. ஏற்றிய சக்தியில் பெரும் பங்கைத் திரும்ப எடுக்கலாம். 1964இல் காபனீரொட்சைட்டில் 10.6 மைக்கிரோமீற்றர் ஒளியைப் பெற்றார். முதலில் வந்தது ஏறக்குறைய ஒரு மில்லிவாற்றுத்தான். பிறகு நைதரசனைக் கலந்தார். அதிரும் நைதரசன் மூலக்கூறின் சக்தி காபனீரொட்சைட்டின் மேல்மட்டத்தோடு கிட்டத்தட்டச் சமன்; ஒளியாக இழக்க வழியில்லாததால் நைதரசன் அதைச் சேமித்து வைத்து, மோதும்போது அப்படியே கொடுத்துவிடும். அடுத்து ஈலியம். அது கீழ்மட்டத்தை வெறுமையாக்கும், வெப்பத்தைச் சுவருக்குக் கடத்தும். 1965 முடிவதற்குள் வலு நூறு வாற்றைத் தாண்டிவிட்டது. ஓராண்டில் ஓர் இலட்சம் மடங்கு. லேசர் வரலாற்றில் இதற்கிணையான தாவல் ஒரு சிலவே. மின்சக்தியில் கணிசமான பங்கு ஒளியாகக் கிடைப்பதும் அன்று புதுமை.

வெப்பம் இங்கும் விடவில்லை. வாயு சூடேறினால் கீழ்மட்டம் தானே நிரம்பி லேசர் நின்றுபோகும். கண்ணாடிக் குழாயில் வெப்பம் நடுவிலிருந்து சுவருக்கு மெல்லப் பரவித்தான் வெளியேற வேண்டும். குழாயைப் பருமனாக்கினால் பரவும் தூரமும் கூடிவிடுவதால் பயன் இல்லை. மீற்றருக்கு ஐம்பது, எண்பது வாற்று என்பதுதான் எல்லை. ஆகவே ஒரு கிலோவாற்று வேண்டுமானால் பத்து மீற்றருக்கு மேல் குழாய் வேண்டும். அப்படியும் கட்டினார்கள், அறை முழுக்க மடித்து மடித்து.

தீர்வு, வாயுவையே ஓடவிடுவது. சூடான வாயுவைச் சுவர் தொடும்வரை காத்திராமல் விசிறியால் அடித்து வெளியே கொண்டுபோய்க் குளிர்த்தித் திருப்பி விட்டால், மேசையளவான பெட்டியிலிருந்தே கிலோவாற்றுகள் கிடைக்கும். 1970களில் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்த லேசர்கள் இந்த வகையினவே. கனடாவில் ஜாக் போலியூ வேறொரு வழி கண்டார். குழாய்க்குக் குறுக்கே மின்னிறக்கம் செய்து, வளிமண்டல அழுத்தத்திலேயே வலிய துடிப்புகளைப் பெற்ற அவருடைய முறை 1970இல் வெளியாயிற்று.

மிகத் துணிவான வழி மசசூசெட்ஸில் ஆதர் கான்ரோவிற்சின் ஆவ்கோ எவரெட் ஆய்வுகூடத்தில் பிறந்தது. மின்சாரமே இல்லை. எரிபொருளை எரித்து, சூடான அழுத்த வாயுவைக் கூம்புக்குழல்களினூடே ஒலியைவிட வேகமாக விரியவிட்டார்கள். வாயு சடுதியாகக் குளிர, கீழ்மட்டம் உடனே வெறுமையாகும். நைதரசனின் அதிர்வோ அவ்வளவு விரைவில் அடங்காது. கணப்பொழுதுக்கு மேல்மட்டம் நிறைந்து நிற்கும். அந்த இடத்தில் ஆடிகளை வைத்தால் லேசர். வேலை செய்து முடித்த வாயு தன் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடும். 1966இல் இயங்கிய இது 1970இல்தான் வெளியுலகுக்குச் சொல்லப்பட்டது. அப்போதே 60 கிலோவாற்று எட்டியிருந்தது.

இப்போது சிக்கல் யன்னலுக்கு வந்தது. 10.6 மைக்கிரோமீற்றர் ஒளி சாதாரண கண்ணாடியூடே போகாது. கறியுப்பின் பளிங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் ஈரக்காற்றில் அது கசிந்து மங்கும். நம் வாவிக்கரையின் மாரிக்காற்றில் அப்படியோர் யன்னல் எத்தனை நாள் நிற்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஜேர்மானியம் சூடேறச் சூடேற இன்னும் அதிகமாக உறிஞ்சி, அதனால் இன்னும் சூடேறிக் கெட்டுப்போகும். மிகப் பெரிய லேசர்களில் திண்ம யன்னலையே கைவிட்டு, வேகமாக ஓடும் காற்றுத்திரையால் வாயை மூடினார்கள். ஆடிகளை உலோகத்தில் செய்து, முதுகுக்குள் நீரோட்டினார்கள்.

யன்னலைக் கடந்த பின்னும் பிடி விடவில்லை. காற்றிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டும் கற்றையில் சிறு பங்கை உறிஞ்சும். வழியிலுள்ள காற்று சூடாகி அடர்த்தி குறையும். அது ஒளியை விரிக்கும் வில்லையாகிக் கற்றையைப் பரப்பிவிடும். வலுவைக் கூட்டினால் பரவலும் கூடும். உப்பு ஈரம் நிறைந்த கடற்கரைக் காற்றில் இது இன்னும் மோசம். அமெரிக்க விமானப்படை 1983இல் விமானத்தில் ஏற்றிய இவ்வகை லேசரால் ஐந்து ஏவுகணைகளை வீழ்த்தியது உண்மை. ஆனால் ஒரு முழு விமானத்தை நிரப்பிய அந்தப் பொறி போர்க்களத்துக்குப் போகவே இல்லை. அதற்குப் பின்வந்த அயடீன் லேசர் போயிங் 747இன் மூக்கில் ஏறி 2010 பெப்ரவரியில் ஓர் ஏவுகணையை அழித்தது. அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. போர் என்னவென்று அறிந்த கரையில் இருந்து எழுதுகிறவன் என்ற முறையில், பல்லாண்டுப் பணமும் திறமையும் இந்த ஆயுத ஆசையில் கரைந்ததை இழப்பென்றே எண்ணுகிறேன்.

அதே காபனீரொட்சைட்டு லேசர் வேறு கைகளில் செய்ததைப் பாருங்கள். 1967 மே மாதத்தில் இங்கிலாந்தில் பீற்றர் ஹோல்ட்குரொவ்ற், 300 வாற்றுக் காபனீரொட்சைட்டு லேசரோடு ஒட்சிசன் தாரையையும் சேர்த்து ஒரு மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை அறுத்துக் காட்டினார். வலு போதாத இடத்தில் ஒட்சிசனை எரியவிட்டு மீதி வேலையை அதனிடம் வாங்கிய எளிய யோசனை அது. இன்றைய கேற்றுத் தகடு வரை அந்த யோசனையே வாழ்கிறது. நீர் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால், 1970களின் தொடக்கத்தில் பொஸ்டனில் குரல்வளைச் சத்திரசிகிச்சையிலும் அது கத்தியாயிற்று. துடிப்பு யாக் லேசரை 1980ஐ ஒட்டிப் பாரிஸில் டானியேல் ஆரோன் ரோசாவும், பேர்னில் பிரான்ஸ் பங்கவுசரும் கண்ணுக்குள் கொண்டுபோனார்கள். நம் மூத்தவர்களின் மங்கிய சவ்வில் கத்தியின்றித் துளையிடும் முறை அங்கிருந்து வந்தது.

இழைக்குள் வந்த வலு

துடிப்பு லேசர்களின் தன்குவிவுக்கு முழுமையான விடை 1985இல் ரொசெஸ்டரில் கிடைத்தது. டொனா ஸ்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் குறுந்துடிப்பை முதலில் நேரத்தில் நீட்டி மெலிவாக்கி, மெலிந்த நிலையில் பெருக்கி, கடைசியில் மீண்டும் சுருக்கினார்கள். பெருக்கும் கண்ணாடி ஒருபோதும் உச்ச வலுவைக் காண்பதில்லை. 2018இல் இதற்கு நோபல் பரிசு.

தொடர் லேசர்களில் மாற்றத்தைக் கொண்டுவந்தது மறுபடி வடிவம்தான். கோல் தட்டாயிற்று என்று கண்டோம். அடுத்து மயிரளவான இழையாயிற்று. நீண்ட மெல்லிழைக்குக் கனவளவு சிறிது, மேற்பரப்பு பெரிது. வெப்பம் தானாக வெளியேறும். கண்ணாடி இழையில் லேசர் என்பது ஸ்னிற்சரின் 1960களின் எண்ணமே. அன்று அதற்குள் போதிய ஒளியைப் புகுத்த முடியவில்லை. 1988இல் அவரே இரட்டை உறை இழையைக் கொண்டுவந்தார். அகன்ற உள்ளுறையில் குறைகடத்தி லேசர்களின் ஒளியைக் கொட்டினால், அது போகும் வழியில் நடுவிலுள்ள மெல்லிய அகணி அதை உறிஞ்சிக்கொள்ளும். இற்றர்பியம் கலந்த இழையில் 976 நனோமீற்றரில் கொடுத்து 1070 நனோமீற்றரில் எடுத்தால், ஒவ்வொரு போட்டனிலும் வெப்பமாவது பத்திலொன்றுக்கும் குறைவு. 2009இல் ஒற்றை இழையிலிருந்து 10 கிலோவாற்று வந்தது.

இங்கேதான் ராமன் திரும்பி வருகிறார். இழையின் அகணி சில பத்து மைக்கிரோமீற்றர்தான். பல மீற்றர் தூரம் ஒளி அதற்குள்ளேயே அடைபட்டு ஓடுகிறது. தூண்டிய ராமன் சிதறலுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. லிவர்மோர் ஆய்வாளர்கள் 2008இல் வெப்பவில்லை விளைவையும் ராமன் சிதறலையும் சேர்த்துக் கணித்து, தூய கற்றை தரும் ஒற்றை இழையின் எல்லை ஏறக்குறைய 36 கிலோவாற்று என்றார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் பல கற்றைகளை ஒன்றாக்கத்தான் வேண்டும்.

அண்டை நாட்டில் இந்தப் பாதையின் பெரும்பகுதியைத் தாமே நடந்து பார்த்திருக்கிறார்கள். மும்பை திராம்பேயின் அணுசக்தி ஆய்வாளர்கள் 1964இலேயே குறைகடத்தி லேசரைச் செய்தனர். 1984இல் இந்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டு, இயற்பியலாளர் பவால்க்கரின் தலைமையில் வளர்ந்த ஆய்வுநிலையம், இன்று ராஜா ராமண்ணா பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே குறுக்கோட்ட வாயு முறையில் 20 கிலோவாற்று வரை காபனீரொட்சைட்டு லேசர்களைக் கட்டினார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அணுமின் உலைகளில் பழைய குளிர்த்தற் குழாய்களை மாற்றும்போது, ஒளியியல் நார் வழியே யாக் லேசரை அனுப்பித் தூரத்திலிருந்தே வெட்டி, தொழிலாளர் மேல் விழும் கதிர்வீச்சைக் குறைத்தார்கள். 2025 ஏப்ரல் 13இல் கர்நூலில் 30 கிலோவாற்று லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்திய செய்தி உலகெங்கும் போயிற்று. குழாய் வெட்டிய செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை.

பட்டறைக்கு வந்துவிட்டது

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுகூடம் முழுவதையும் நிரப்பிய வலு, இன்று கையில் பிடித்து ஒட்டும் இயந்திரமாக விற்பனைக்கு வருகிறது. வெப்பப் பிரச்சினையைப் பொறியியலாளர் தீர்த்துத் தந்துவிட்டார்கள். கண்ணின் பிரச்சினை நம் கையில். பழைய காபனீரொட்சைட்டு லேசர் ஒளி கண்ணின் முன்சவ்வில் நின்றுவிடும். சுட்டால் உடனே வலிக்கும். இழை லேசரின் 1070 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணினூடே நன்றாகப் புகும். கண்வில்லை அதை விழித்திரையில் ஊசிமுனையளவுக்குக் குவிக்கும். இமைக்கத் தோன்றாது, வலிக்காது. போன பார்வை திரும்பாது. பளபளப்பான உருக்கிலும் அலுமினியத்திலும் பட்டுத் தெறிக்கும் ஒளியே இதற்குப் போதும். பக்கத்தில் நிற்பவரும் தப்ப மாட்டார்.

பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெயில் கண்ணாடியோ, மின் ஒட்டுக் கறுப்புக் கண்ணாடியோ, காபனீரொட்சைட்டு லேசருக்கு வாங்கிய தெளிந்த கண்ணாடியோ இழை லேசருக்கு உரியவை அல்ல. கண்ணாடியின் சட்டத்தில் 1064 முதல் 1080 நனோமீற்றர் வரை காக்கும் என்று அலைநீளமும், எவ்வளவு தடுக்கும் என்ற அளவும் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்து வேலை செய்யாதீர்கள். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அந்தக் கண்ணாடியைக் கொடுங்கள்.